ஏரியிடம் சொல்லிக்கொண்டு வந்தவள்

நாமக்கல்லில் சேலம் ரோட்டில் தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் கலைமணி, கடைச் சுவரில் மாட்டியிருந்த தன் புகைப்படத்துக்குள் ஏரியைப் பார்த்து முதல் எட்டு எடுத்து வைத்தது, ஆடிப் பதினெட்டு அன்று காலை ஏழேகால் மணிக்கு. அன்று முட்டை விலை மூன்று ரூபாய் எழுபத்தைந்து காசு. மழை இல்லை. கலைமணி அந்த நேரம் கடைக்கு வெளியே ஒரு லாரி டிரைவருக்குக் கயிறு அளந்து வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை, படத்தில் இருந்தவள்தான் நகர்ந்தாள். இதைக் கண்டவள் அவள் தோழி கோகிலவாணி. வேலைக்குப் போகிற வழியில் காப்பி குடிக்க வந்தவள், டம்ளரை வாய்க்குக் கொண்டு போனபடியே சுவரைப் பார்த்தாள். படத்தில் ஏரிக்குள் நீண்டு போகும் படகுத்துறைக்கு இருபத்தொரு பலகைகள். கலைமணி மூன்றாம் பலகையில் நிற்பவள். அன்று நான்காம் பலகையில் நின்றாள். படத்தை எடுத்தவளே கோகிலவாணி என்பதால் அவளுக்கு இதில் சந்தேகம் வர வழியில்லை. காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். பயம் அப்போதே வயிற்றில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் பழக்கம் ராசிபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் ஆரம்பித்தது. பிறகு கலைமணி மாரியப்பனைக் கட்டிக்கொண்டு தார்ப்பாய்க்குப் போனாள். கோகிலவாணி கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு லாரி புக்கிங் ஆபீசுக்குப் போனாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தபின், உலகத்தில் தனக்கு என்று அவள் சொல்லிக்கொள்ள இருந்தது கலைமணி ஒருத்திதான். ஆனால் குணத்தில் இருவரும் வேறு வேறு. கலைமணி செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றால் செவ்வாய்க்கிழமை விடியும்போது தார்ப்பாய் மடித்துக் கட்டித் தயாராக இருக்கும். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் மிஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தவள் அவள். கோகிலவாணியின் உத்தியோகமோ நேர் எதிர். இன்னும் லோடே ஏற்றாத வண்டியைப் பற்றி நாக்பூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் போனில் கத்துகிற பார்ட்டிகளிடம், "வண்டி வந்துக்கிட்டே இருக்குதுங்க" என்று இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். டயர் பஞ்சர், செக்போஸ்ட்டில் கூட்டம், டிரைவருக்கு வயிற்றுவலி என்று காரணங்கள் அவளிடம் வற்றாமல் இருந்தன. அவள் குரலில் ஏதோ ஒன்று இருந்தது. கத்துகிறவன் தணிந்து, சரிம்மா, பத்திரமாக வரச் சொல்லு என்று வைத்துவிடுவான். வாய் கூசாமல் பொய் சொல்கிறாயே என்று கலைமணி திட்டினால், "பொய்யில்ல புள்ள, இன்னும் நடக்காத நெசம்" என்பாள்.

இவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது ஒரு தார்ப்பாய் கம்பெனி. அந்த வருடம் அதிகம் விற்ற கடைக்காரர்களைத் துணையோடு ஸ்விட்சர்லாந்து கூட்டிப் போனார்கள். மாரியப்பன் ஐந்து நாள் யோசித்தார். அடியில் ஒன்றுமில்லாமல் ஆகாயத்தில் எப்படி உட்கார்ந்திருப்பது என்பது அவர் கேள்வி. யாரும் திருப்தியாகப் பதில் சொல்லவில்லை. கடைசியில், "அம்மிணி, நீங்க போயிட்டு வாங்க, நான் கடையப் பாத்துக்கறேன்" என்று கோகிலவாணியிடம் பாஸ்போர்ட் பாரத்தை நீட்டிவிட்டார். அப்படித்தான் வைகாசி மாதம் நாற்பத்தாறு வயதில் இரண்டு பெண்களும் ஒரு பெட்டி நிறையப் பருப்புப்பொடியும் ஊறுகாயுமாக விமானம் ஏறினார்கள்.

ஏழு நாளில் கோகிலவாணி எடுத்த படங்கள் ஆயிரத்து நூறுக்கு மேல். திரும்பி வந்ததும் அறிவழகன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஒரு பகல் முழுவதும் சண்டை போட்டு, பதினொன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். கோகிலவாணிக்குப் பிடித்தது ரயில் படம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மலை. பெட்டியில் இருக்கிற அத்தனை பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கிறார்கள். கலைமணி மட்டும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். இன்னொன்றில், பட்டுச்சேலைக்கு மேல் வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு, பனிக்கட்டியில் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுச் சாப்பிடுகிறாள். மாட்டுப் படம் ஒன்று உண்டு. குடம் பெரிசுக்கு மணி கட்டிய மாடு. கலைமணி அதன் மடியைத் தடவிப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, வேளைக்குப் பத்து லிட்டர் கறக்கும் என்று சொல்ல, மாட்டுக்காரக் கிழவர் பத்து விரலை விரித்துக் காட்டினார். பிறகு அவர் அவர் பாஷையிலும் இவள் இவள் பாஷையிலும் அரை மணி நேரம் தீவனம் பற்றிப் பேசினார்கள். டூர் பஸ் ஹாரன் அடித்துத்தான் பிரித்து விட்டது. இந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த ஏழு நாளைப் போல ஏழு நாள் தங்கள் ஆயுளில் இன்னொன்று வராது என்று கோகிலவாணி அறிந்திருந்தாள். கலைமணிக்குப் பிடித்தது ஏரிப் படம். அதில் மட்டும்தான் தன் முகம் கடையை நினைக்காமல் இருக்கிறது என்று சொல்லி, அதைப் பெரிதாகப் போட்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கண்ணாடி வைத்துச் சட்டம் அடித்து, கடைச் சுவரில் மாட்டினாள்.

அந்த ஏரியின் பேரைச் சரியாகச் சொல்ல நாமக்கல்லில் ஆள் இல்லை. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் மலை, சத்தமே கிடையாது. கடைசி நாள் அங்கே ஒரு மணி நேரம் விட்டார்கள். கொங்கு நாட்டில் யாரும் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. அது திரும்பாதவர்களின் சொல். வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். வாரேன் என்றால் கிளம்புகிறேன் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு வாசலில் நின்று இன்னும் முக்கால் மணி நேரம் பேசுவார்கள் என்பது வேறு விஷயம். இந்த இருவரும் ஏழு நாளும் ஹோட்டல் அறை, ரயில், மாடு என்று எதை விட்டுக் கிளம்பினாலும் வாரேனுங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஏரிக்கரையில் மட்டும் கலைமணி மறந்துபோய்ப் பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டாள். கோகிலவாணிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு வார்த்த சொல்லிட்டு வா புள்ள. நல்லா வெச்சிருந்துச்சல்ல நம்மள" என்றாள் விளையாட்டாக. கலைமணி படகுத்துறையில் மூன்று பலகை நடந்து, ஏரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வாரேனுங்க" என்றாள். அந்த நொடியில் கோகிலவாணி படம் எடுத்தாள். ஏரிக்குக் கொங்குத் தமிழ் எங்கே தெரியும்? அது சொல்லை அகராதியில் உள்ளபடி எடுத்துக்கொண்டது.

ஆடிக்குப் பிறகு பத்து நாளுக்கு ஒரு பலகை என்ற கணக்கில் படத்தில் இருந்தவள் நடந்தாள். ஆவணி பிறந்தபோது கடையில் இருந்தவளின் செருப்பு ஈரமானது. புரட்டாசியில் அவள் எங்கே உட்கார்ந்து எழுந்தாலும் தரையில் இரண்டு பாதம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தார்ப்பாய்க் கடையில் ஈரம் ஆகாது என்பதால் மாரியப்பன் சாக்கு விரித்தார். வாடிக்கைக்காரர்கள் ஓடு ஒழுகுதுங்களா என்று கேட்டார்கள். இல்லை என்றதும் மேற்கொண்டு கேட்காமல் வாங்க வந்ததை வாங்கிப் போனார்கள். டாக்டர் தைராய்டு என்று மாத்திரை எழுதினார். ஐப்பசியில் ஒரு நாள் சேலை மடிப்பிலிருந்து விரல் நீளத்தில் வெள்ளி மீன் ஒன்று துள்ளி விழுந்தது. மாரியப்பன் அதைக் குடத்தில் விட்டார். பக்கத்து டீக்கடைப் பூனை வந்து குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, முடியெல்லாம் சிலிர்த்து ஓடியது. அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை.

செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்தார்கள். படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்கள். மத்தியானம் கடை அமைதியாக இருக்கையில், சட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பலகை மிதிபட்டு முனகுகிற சத்தம் கேட்டது. உடனே திருப்பி மாட்டினார்கள். பார்க்காமல் இருப்பதைவிடப் பார்ப்பது கொஞ்சம் பரவாயில்லை. அறிவழகன் கம்ப்யூட்டரில் ஏரியை வெட்டி எடுத்துவிட்டு வேறு பிரிண்ட் போட்டான். பிரிண்டில் ஏரி முன்னைவிடப் பெரிதாக வந்தது. அவன் காசு வாங்க மறுத்து, படம் எடுத்துவந்த பையையும் தூர வைக்கச் சொன்னான். மாரியப்பன் சட்டத்தில் எலுமிச்சம்பழம் கட்டினார். காலையில் அது கல்லாக உறைந்து, சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. கோகிலவாணி தன் போனில் இருந்த மூலப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அழிக்கவா என்று போன் கேட்டது. படம் அழிந்து, அதில் இருக்கிறவளும் அழிந்து, அதனால் இங்கே இருக்கிறவளும் அழிந்துபோனால் என்ன செய்வது? விரலை எடுத்துக்கொண்டாள்.

கோகிலவாணியை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது கலைமணியின் நிதானம். கார்த்திகையில் அவள் அலமாரிகளுக்குத் தன் கையால் எழுதிப் பேர் ஒட்டினாள். தார்ப்பாய்க்குப் பித்தளை வளையம் அடிக்கிற பக்குவத்தை மாரியப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்தச் சேலை யாருக்கு என்று ஒரு சீட்டு எழுதி அரிசிப் பானையில் போட்டாள். அதைக் கண்டெடுத்த அன்று கோகிலவாணி ஆபீசுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்து, சீட்டை அவள் மடியில் எறிந்தாள்.

"எங்க புள்ள போற நீ?"

"கத்தாத. நானு வாரேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கறேன். இத்தன வருசத்துல ஒரு தார்ப்பாய்க்கு நாள் தவறியிருக்கறேனா?"

"அது நம்ம ஊட்டுப் பேச்சு. வாரேன்னா கெளம்பறேன்னு அர்த்தம். சின்னப்புள்ளைக்குக் கூடத் தெரியும்."

"நமக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதல்ல? பாவம், நானு வருவேன்னு காத்துக்கிட்டிருக்குது."

பாவம் என்ற அந்த ஒரு சொல், அவள் பாதிவழி போய்விட்டாள் என்று கோகிலவாணிக்குச் சொன்னது. ஏரியிடம் வாரேன் என்று சொல்ல வைத்தவளும் தான்தான். அப்படியானால் படத்தைப் பார்த்துப் போறேன் என்று சொல்லி முறித்துவிடு என்று கெஞ்சினாள். மாரியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். வீட்டுப் பொம்பளை வாயால் அந்த வார்த்தை வரக்கூடாது என்றார். கலைமணியும் தலையாட்டினாள். வாரேன் என்றதற்கே இந்தப் பாடு. போறேன் என்றால் ஒரேயடியாகப் போய்விடுவேன் என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். எந்த வார்த்தையைச் சொன்னாலும் தண்ணீரில்தான் போய் முடிந்தது. மூன்று பேரும் சாக்கு மேல் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் குடித்தார்கள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு மாரியப்பன் ஆபீசுக்குப் போன் செய்தார். "அம்மிணி, கடேசிப் பலகைங்க" என்றார். கோகிலவாணி இன்னொரு காதில் நாக்பூர் பார்ட்டியை வைத்திருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக ஒரு பார்ட்டியைப் பாதிப் பேச்சில் வெட்டிவிட்டு, ஆட்டோ பிடித்தாள். கடைக்குள் முழங்கால் அளவு பச்சைத் தண்ணீர் நின்றது. வாசற்படியைத் தாண்டி ஒரு சொட்டு வெளியே வரவில்லை. தார்ப்பாய்ச் சுருள்கள் மிதந்தன. கலைமணி தலை சீவிப் பூ வைத்து, ஏரிக்கரையில் கட்டியிருந்த அதே மயில்கழுத்துப் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் அவள் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் தெளிவாக இருந்தது. ஸ்டூலின் நான்கு கால்களும் தெரிந்தன. அவள் கால் மட்டும் தெரியவில்லை. சுவரில், இருபத்தொன்றாம் பலகையின் விளிம்பில் நின்றவள் ஒரு காலைத் தூக்கியிருந்தாள்.

கோகிலவாணிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது; இரண்டில் எதையும் செய்ய நேரமில்லை. தண்ணீரில் இறங்கிப் போய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி, போனை வைப்பதுபோல் காதில் வைத்தாள். கண்ணாடி சுடுகிற மாதிரி குளிர்ந்தது. பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள்.

"வணக்கமுங்க, நாமக்கல்லுல இருந்து பேசறேனுங்க. கலைமணி அம்மா விசயமாத்தானுங்க. வந்துக்கிட்டே இருக்கறாங்க. வழியில கொஞ்சம் லேட்டாயிருச்சுங்க."

பதில் இல்லை. கத்துகிற பார்ட்டியிடம் அவளுக்கு எப்போதும் பயமில்லை. பேசாமல் இருக்கிற பார்ட்டிதான் ஆளைக் கொல்லும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மெதுவாகக் கரையை நக்குகிற சத்தம் கேட்டது. தூக்கிய கால் அப்படியே நின்றது. அவள் சாக்குப்போக்குகளை எல்லாம் அடுக்கினாள். கடையில் ஆர்டர் குவிந்திருக்கிறது, ஊட்டுக்காரருக்கு இடுப்பு வலி, தைக்கு அப்புறம் மாசி நோம்பி வேறு இருக்கிறது என்றாள். தண்ணீர் ஒரு விரல் உயர்ந்தது. அப்போது அவளுக்குப் புரிந்தது: இந்தப் பார்ட்டிக்குக் காரணம் வேண்டாம், ஒரு ஆள் வேண்டும். வண்டி வராதபோது, கூடவே கிளீனரை அனுப்பி வைத்திருக்கிறேன் என்று பேர் சொன்னால் பார்ட்டிக்கு நம்பிக்கை வரும் என்பது புக்கிங் ஆபீசின் பாலபாடம். சொன்னால் திரும்ப வாங்க முடியாது என்று தெரிந்தேதான் சொன்னாள்.

"யாரு பேசறதுன்னு கேக்கறீங்களா? கூட வந்தவளுங்க. படம் எடுத்தவ. கோகிலவாணி. அன்னிக்கு அவசரத்துல நானு உங்ககிட்டச் சொல்லிக்கலீங்க. நானும் வாரேனுங்க. ரெண்டு பேரும் சோடியாத்தான் வாரோம். நான் அங்க வந்து சேர்றவரைக்கும் அவளக் கூப்புடாதீங்க. ஒத்தையில வந்தா மரியாதையா இருக்காது."

கலைமணி ஸ்டூலிலிருந்து, "அடி பாவி" என்றாள். ஏரி யோசித்தது. யோசித்த நேரம் மாரியப்பனின் கைக்கடிகாரப்படி நான்கு நிமிடம். பிறகு படத்தில் தூக்கிய கால் பலகைமேல் இறங்கியது. கடைத் தண்ணீர் வடிய மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. கலைமணியின் பாதங்கள் திரும்ப வந்தன, விரல்கள் ஊறிச் சுருங்கி, கிழவியின் பாதம் போல. கோகிலவாணி அவற்றை மடியில் வைத்துத் துண்டால் துவட்டிக்கொண்டே வாய்விட்டு அழுதாள். மறுநாள் காலை படத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். இருபத்தொன்றாம் பலகையில் கலைமணி, முகத்தைத் திருப்பிக் கரையைப் பார்த்துக் காத்திருந்தாள். முதல் பலகையில், கையில் போனோடு, கோகிலவாணி.

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. தினமும் காலை பதினொரு மணிக்குக் கோகிலவாணி கடைக்கு வந்து, சட்டத்தைக் காதில் வைத்து, வந்துக்கிட்டே இருக்கறோமுங்க என்று சொல்லிவிட்டு மாட்டுகிறாள். இடையில் ஒரு முறை டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்கு நாள் சொல்ல முடியவில்லை. வீடு திரும்பியபோது நான்காம் பலகையில் நின்றாள். ஊரடங்கில் போலீஸ் ரோட்டை மறித்த வாரங்களில் இன்னும் மூன்று பலகை போயிற்று. இப்போது ஏழாம் பலகை. அவள் செருப்பும் ஈரம்தான். கோடையில் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு பெண்கள் பக்கத்திலும் வந்து நின்று, ஏசி போட்டிருக்கறீங்களா என்று கேட்கிறார்கள். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஒவ்வொரு நாளும் பத்தே முக்காலுக்கு அது கோகிலவாணியின் வயிற்றில் வந்து உட்காரும். பதினொன்று ஐந்துக்கு எழுந்து போகும். ரயிலில் ஏறி இறங்குகிற தெரிந்த ஆளைப் போல அதற்கு இடம் விடப் பழகிக்கொண்டாள். போன மாதம் ஆபீசில் மாலை போட்டு அனுப்பி வைத்துவிட்டார்கள். இனி முழு நேரமும் இந்த ஒரு பார்ட்டிதான்.

வார்த்தை தவறாத கலைமணிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. ஒருத்தரை இப்படிக் காக்க வைப்பது பாவமில்லையா, எத்தனை நாளைக்குப் பொய் சொல்வாய் என்று நேற்றுக்கூடக் கேட்டாள். கோகிலவாணி சட்டத்தை ஆணியில் மாட்டி, கோணல் பார்த்து நேராக்கினாள்.

"பொய்யெங்க புள்ள? ஒரு நாளைக்கு வரத்தான போறோம்."

கலைமணி இரண்டு டம்ளரில் காப்பி ஊற்றினாள். நேற்று முட்டை விலை ஐந்து ரூபாய் தொண்ணூறு காசு, மழை இல்லை. சுவரில் பச்சை ஏரி, ஏழாம் பலகையில் ஒருத்தி, இருபத்தொன்றாம் பலகையில் ஒருத்தி. வருகிறவர்கள் நல்ல படம் என்கிறார்கள். இரண்டு பேரும் அதற்குள் நிற்க, அதை எடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.